மலையும் மழையும்: பள்ளிக்கு ஏஆர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துல, சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர்ற எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பாடப்பொருள் தயாரிக்கிற குழுவுக்கும், பள்ளிக்கல்வித்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஈராசிரியர் தொடக்கப்பள்ளில ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு எடுக்கிற டீச்சர். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். போன் கேமராவை அட்டை மேல காட்டினா அதுமேல படம் முப்பரிமாணத்துல எழும்பி நிக்குமே, அந்த ஆக்மென்டட் ரியாலிட்டி, ஏஆர்னு சொல்றாங்கல்ல, அதை வச்சு சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லித்தர்றோம்னு இப்ப நிறைய கம்பெனி வர்றாங்க. அதை அரசுப் பள்ளிக்குள்ள கொண்டு வர்றதா இருந்தா, தமிழ்ல பிள்ளைங்க எந்த இடத்துல உண்மையிலேயே தப்பு விடுறாங்களோ அந்த இடத்துக்குன்னு செஞ்சு கொண்டு வாங்க. இங்கிலீஷ்காரங்க பிள்ளைங்களுக்குச் செஞ்ச ஆப்புல எழுத்தை மட்டும் தமிழாக்கி வர்றதை வாங்காதீங்க. இதுதான் என் வேண்டுகோள், ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்லிடறேன்.

இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங்ங்கிறது நிறைய வார்த்தைக்குத் தனித்தனியா மனப்பாடம் பண்ற சமாச்சாரம். நமக்கு அப்படி இல்ல. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து, அதோட வடிவத்தைக் கத்துக்கிட்டா பெரும்பாலான வார்த்தைய காதுல கேட்டபடியே எழுதிடலாம். அப்படின்னா தப்பு எங்கதான் வருது? எந்த டீச்சர் நோட்டையும் திறந்து பாருங்க, சொல்வதை எழுதுதல் வச்ச அன்னைக்கு சிவப்பு மை விழுற இடம் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். குறில் நெடில் மாறிப்போறது, ஒற்று விட்டுப்போறது, கெ கே கை கொ கோ மாதிரி சத்தம் பின்னாடி வந்தாலும் குறி முன்னாடி போடுற எழுத்துல தடுமாறுறது, அப்புறம் எல்லாத்தையும் விட அதிகமா மயங்கொலி: ல ள ழ, ர ற, ந ன ண.

இந்த மயங்கொலில பிள்ளை மேல தப்பே கிடையாதுங்க. அவங்க வீட்டுல, தெருவுல பேசுற தமிழ்ல பாதி வித்தியாசம் காதுக்கே வராது. ந-வுக்கும் ன-வுக்கும் பேச்சுல வேற சத்தம் இல்ல, ர-வும் ற-வும் தனியா நிக்கும்போது இன்னைக்கு நம்மள்ல ரொம்பப் பேருக்கு ஒண்ணுதான், ழ-வை ள-வாவே சொல்ற ஊர் தமிழ்நாட்டுல எத்தனையோ இருக்கு. வாளப்பளம்னு சொல்ற பிள்ளை வாளப்பளம்னு எழுதுது, அது கேட்டதை அப்படியே எழுதுன பிள்ளை, அதுகிட்ட போய் இன்னும் நல்லா கேளுன்னு சொன்னா என்ன பண்ணும்? ஒலிய வச்சு எழுத்துக்குப் போற ஃபோனிக்ஸ் முறை நமக்கு கைகொடுக்காம போற இடம் இதுதான். இங்க காது உதவாது, அர்த்தத்தையும் எழுத்து வடிவத்தையும் கண்ணு வழியா கோர்த்துவிடணும்.

நம்ம முன்னோர் கொஞ்சத்துக்கு வழி பண்ணி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. மூணு சுழி ண, ரெண்டு சுழி னன்னு பேர் வச்சதோட நிக்காம, டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு பேருக்குள்ளேயே விதிய ஒளிச்சு வச்சாங்க. ட-வுக்கு முன்னாடி ண் வரும், வண்டி. ற-வுக்கு முன்னாடி ன் வரும், கன்று. த-வுக்கு முன்னாடி ந் வரும், பந்து. வார்த்தையோட முதல்ல வந்தா அது ந. இதுக்கு ஏஆரும் வேண்டாம் டிவியும் வேண்டாம், ஒரு கரும்பலகையும் கைதட்டி பாடுற பாட்டும் போதும், மூணாம் வகுப்பு முடியுறதுக்குள்ள பதிஞ்சிடும். ஆனா மலை, மழை? பல்லி, பள்ளி? கரை, கறை? இதுக்கு விதி கிடையாது. எந்த அர்த்தத்துக்கு எந்த எழுத்துன்னு தெரிஞ்சாத்தான் உண்டு. நான் ஏஆரை நம்பிக் கேக்குறது இந்த ஒரு இடத்துக்குத்தான்.

எப்படின்னு சொல்றேன். மேசை மேல எழுத்து அட்டைங்க கிடக்கு, மேல இருந்து கேமரா பார்க்குது. பிள்ளைக்கு "மழை"ன்னு சொல்றோம். அது ம-வை எடுத்து வச்சு பக்கத்துல ழை வச்சா ஸ்கிரீன்ல அந்த அட்டைங்க மேலேயே மழை கொட்டுது. தப்பா லை வச்சா? டொய்ங்னு சத்தம் போட்டு சிவப்பு குறி காட்ட வேண்டாம், மலை ஒண்ணு எழும்பட்டும். பிள்ளையே பார்த்து "ஐயோ மலை வந்துடுச்சு"ன்னு லை-யை எடுத்துட்டு ழை-யை வைக்கும். தப்புன்னு யாரும் சொல்லல, தான் எழுதினது என்ன அர்த்தம் தருதுன்னு அதுவே கண்ணால பார்த்துக்குச்சு. சிவப்பு மையால நான் எத்தனை தடவை சுழிச்சாலும் இந்த விஷயத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்ட முடியாது, ஏன்னா சுழிச்சா தப்புன்னு மட்டும்தான் தெரியும், அந்தத் தப்பும் தனக்குன்னு ஒரு அர்த்தம் உள்ள வேற வார்த்தைன்னு தெரியாது.

இதுக்கு 247 அட்டை அடிக்கணும்னு பயப்பட வேண்டாம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ப, க, வ, அ, ம, இ, கி, ல், ள், லி, ளி, ழி, னி, ணி, ரை, றை, லை, ழை, மொத்தம் 18 அட்டை. இதை வச்சு பல்லி பள்ளி, கிளி கிழி, வலி வழி, பனி பணி, மலை மழை, அலை அழை, இலை இழை, கரை கறை, அரை அறைன்னு 9 ஜோடி, 18 வார்த்தை கிடைக்குது. பிள்ளைங்க சும்மா விளையாட்டுக்கு மாத்தி மாத்தி வச்சா மணி, கனி, களி, அணி, வலை, கலை, இரைன்னு இன்னும் வந்துக்கிட்டே இருக்கும், அதையும் ஆப் தெரிஞ்சு வச்சிருந்தா நல்லது. அர்த்தமே இல்லாத சேர்க்கைக்கு அது பேசாம இருக்கட்டும். சில சேர்க்கை பிள்ளைங்க முன்னாடி சொல்லக்கூடாத வார்த்தையா வந்து நிக்கும், அதை மட்டும் முன்னாடியே ஆள் உட்கார்ந்து பார்த்து எடுத்துடுங்க.

இப்ப நடைமுறையில விக்கிறது என்னன்னு சொன்னாத்தான் நான் எதுக்கு இவ்வளவு அழுத்திக் கேக்குறேன்னு புரியும். ஒரு கம்பெனி ஆளுங்க எங்க பக்கத்துல டெமோ காட்டினாங்க, பேர் வேண்டாம். "சிங்கம்"னு அச்சடிச்ச ஒரே அட்டை, அதுமேல கேமராவை காட்டினா சிங்கம் எழும்பி கர்ஜிக்குது, வாலை ஆட்டுது, பிள்ளைங்க அப்படியே மெய்மறந்து போயிட்டாங்க. அப்புறம் அட்டையை எடுத்து வச்சுட்டு, இப்ப சிங்கம்னு எழுதுங்கன்னு சொன்னேன். ங்-குக்கு ன் போட்டு சின்கம், ஒற்று எழுத்தையே விட்டு சிகம், இப்படித்தான் வந்துச்சு. ஏன்னா யாருமே எழுத்தைப் பார்க்கல. பார்க்க வேண்டிய அவசியமும் வரல, எழுத்தைத் தெரியாமலே சிங்கம் வந்துடுதே! 2014-ல யூலியன் ராடுங்கிற ஆய்வாளர், ஏஆர் வச்சு கல்வியில நடந்த பல ஆய்வை ஒண்ணா வச்சுப் பார்த்து எழுதினதுல இதைச் சொல்லியிருக்கார். பாடம் நல்லா நினைவுல நிக்குது, ஆர்வம் கூடுதுன்னு நல்லதையும் சொல்லிட்டு, ஸ்கிரீன்ல வர்ற அந்த ஒண்ணு மேலேயே கவனம் போய் மத்தது கண்ணுல படாம போறதையும், கிளாஸ்ரூமோட சரியா ஒட்டாம போறதையும் குறையா எழுதியிருக்கார். எழுத்து சொல்லித்தர்ற ஏஆர்ல எழுத்தே கண்ணுல படலன்னா அப்புறம் அது எதுக்கு? அதனால முதல் நிபந்தனையா இதைப் போடுங்க: பிள்ளை எழுத்தைச் சேர்த்த பிறகுதான் படம் வரணும், அதுக்கு முன்னாடி வரவே கூடாது.

ரெண்டாவது பிரச்சினை கொஞ்சம் டெக்னிக்கலானது, ஆனா பிள்ளைங்களுக்கு நேரா அடி விழுறது இதுல. அதே டெமோல எழுத்தைக் கோர்க்கிற விளையாட்டு ஒண்ணு இருந்துச்சு. "பள்ளி"க்கு அஞ்சு கட்டம் போட்டிருந்தான். பள்ளில எத்தனை எழுத்து? ப, ள், ளி, மூணு. அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கம்ப்யூட்டருக்குள்ள எழுத்தைச் சேமிச்சு வைக்கிற முறையான யூனிகோட்ல அது ப, ள, புள்ளி, ள, இகரக் குறின்னு அஞ்சு துண்டா இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு துண்டுன்னா ஒரு எழுத்து, அதே கணக்கை தமிழுக்கும் வச்சுட்டாங்க. புள்ளி தனியா ஒரு கட்டத்துல, பக்கத்துல ஒரு புள்ளிவட்டத்தோட இகரக் குறி தனியா ஒரு கட்டத்துல தொங்குது. ளி-ங்கிறது ஒரே எழுத்துன்னு நான் மாசக்கணக்கா சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு விளையாட்டு உடைச்சுப் போட்டுடும். மழையில இன்னும் மோசம். எழுதும்போது ஐகாரக் குறி ழ-வுக்கு முன்னாடி வருது, யூனிகோட்ல ழ-வுக்குப் பின்னாடி இருக்கு, எழுத்தைக் கலைச்சுப் போட்டா பிள்ளை குறிய எங்க வைக்கும்? உயிர்மெய்ய உடைக்காம முழு எழுத்தா எண்ணுறதுக்கு புரோகிராம்ல வழி இருக்கு, அது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்ல, கேட்டு வாங்குற ஆள்தான் இல்ல. டெண்டர் எழுதும்போது இந்த ஒரு வரிய நீங்க எழுதிட்டா போதும்.

கேமரா எழுத்தைப் படிக்கிறதுலேயும் தமிழுக்குன்னு சிக்கல் இருக்கு. ர-வும் கால் குறியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஔ-வைப் பார்த்தா ஒ-வும் ள-வும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும், எ ஏ வித்தியாசம் ஒரு சின்னக் கோடு. மங்கலான வெளிச்சத்துல, பிள்ளை கை பட்டு அழுக்கான அட்டையில, கேமரா இதைத் தப்பா படிச்சா பிள்ளை சரியா வச்சதுக்கும் தப்பான படம் வரும். அதுக்கு மேல நம்பிக்கைய குலைக்கிறது வேற இல்ல. இதுக்கு சுலபமான வழி, எழுத்தையே படிக்க வைக்காம ஒவ்வொரு அட்டையோட மூலையிலும் கறுப்பு வெள்ளையில ஒரு சதுரக் குறி அச்சடிக்கிறது. 1999-ல ஹிரோகாசு கேட்டோ செஞ்ச ஏஆர்டூல்கிட்ங்கிற ஏஆர் மென்பொருள் காலத்துலேர்ந்து இந்த முறை இருக்கு, அந்தக் காலத்து கம்ப்யூட்டர்லேயே ஓடினது, இன்னைக்கு இருக்கிற விலை குறைஞ்ச போன்லேயும் ஓடும். தரையையும் மேசையையும் தானா கண்டுபிடிச்சு யானைய நிறுத்துற ஏஆருக்கு கூகுளோட ஏஆர்கோர்ங்கிற மென்பொருள் வேணும், அது எல்லா ஆண்ட்ராய்டு போன்லேயும் வராது, கூகுள் பட்டியல்ல இருக்கிற மாடல்ல மட்டும்தான். எங்க பிள்ளைங்க வீட்டுல இருக்கிற போன் அந்தப் பட்டியல்ல இருக்கும்னு நம்பி திட்டம் போடாதீங்க.

இங்க ஒருத்தர் கேக்கலாம், அட்டையோட பின்பக்கம் படம் அச்சடிச்சா போதாதா, எதுக்கு இவ்வளவு செலவுன்னு. நியாயமான கேள்வி. ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தைன்னா கண்டிப்பா போதும், அதுக்கு ஏஆர் வாங்குறது வீண். ஆனா பிள்ளை எந்த அட்டையை எதோட சேர்த்துச்சுங்கிறதைப் பொறுத்து படம் மாறணும்னா காகிதத்தால முடியாது, பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துச் சொல்லணும். எங்களை மாதிரி ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பையும் பார்க்கிற பள்ளில அந்த ஆள் யாரு? எண்ணும் எழுத்தும்ல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்க நிலைக்குத் தகுந்த மாதிரி பிரிச்சு உட்கார வைக்கிறோம், நான் மொட்டுக் குழுவுக்கு கதை நடத்துற நேரத்துல அரும்புக் குழு அட்டையை வச்சு தானா பத்து நிமிஷம் வேலை செஞ்சு, தானா திருத்திக்கிட்டா, அது எனக்குப் பெரிய உதவி. இதை மனசுல வச்சுத்தான் கேக்குறேன்.

அப்புறம் அந்த கேமரா எங்க இருக்கணும்ங்கிறது. அஞ்சு வயசுப் பிள்ளை ஒரு கையில போனைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அட்டையை அடுக்க முடியாது, கை நடுங்கும், படம் ஆடும், பக்கத்துப் பிள்ளை பிடுங்கும். தொடக்கப்பள்ளி டீச்சர்களுக்குன்னு கொடுத்த டேப்லெட் இருக்கு, அதை மேசைக்கு மேல கீழ்நோக்கி நிறுத்துற மாதிரி ஒரு மர ஸ்டாண்டு, உள்ளூர் ஆசாரிகிட்ட சொன்னாலே செஞ்சு தருவார், அதையும் அட்டையோட சேர்த்துக் கொடுங்க. செல்ஃபி கேமரால ஓட்டுற மாதிரி மட்டும் செஞ்சுடாதீங்க. செல்ஃபி கேமரா ஸ்கிரீன்ல இடம் வலம் மாத்தி கண்ணாடி மாதிரி காட்டும், எழுத்து எல்லாம் திரும்பித் தெரியும். ஒண்ணாம் வகுப்புல எழுத்தை வலம் இடமா திருப்பி எழுதுற பிள்ளைங்க எப்பவும் இருப்பாங்க, அவங்களைப் பிடிச்சு நேர் பண்ணிக்கிட்டு இருக்கும்போது ஸ்கிரீன்லேயும் திருப்பிக் காட்டினா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயம், இது யாரும் வாங்கும்போது யோசிக்கிறதில்ல. கம்பெனி நிறுத்திட்டா என்ன பண்றது? கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ்னு பள்ளிங்களுக்குன்னே கூகுள் நடத்தின ஆப் ஒண்ணு இருந்துச்சு, ஏஆர் பாடமும் அதுல இருந்துச்சு, 2021-ல மூடிட்டாங்க. மெட்டா ஸ்பார்க், வெளியாட்கள் ஏஆர் செஞ்சு போட மெட்டா கொடுத்த தளம், 2025 ஜனவரியில மூடிட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிங்களே இப்படின்னா, ரெண்டு வருஷ சந்தாவுக்கு கையெழுத்து வாங்கிட்டுப் போற சின்ன கம்பெனிய நம்பி ஒரு மாநிலத்துப் பாடத்தை வைக்க முடியுமா? அதனால அட்டை, படம், ஒலி, புரோகிராம் எல்லாம் அரசோட சொத்தா இருக்கணும், யார் வேணாலும் எடுத்து அச்சடிச்சுக்கிற மாதிரி திறந்து வைக்கணும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நம்மகிட்டயே இருக்கு, தமிழ் கம்ப்யூட்டிங் தெரிஞ்ச ஆளுங்க அங்க இருக்காங்க, இந்த வேலைய அவங்ககிட்ட கொடுக்கலாமேன்னு தோணுது. 2018-லேர்ந்து நம்ம பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு அச்சடிச்சு வருது, அதே பக்கத்துல இந்த 18 அட்டையையும் வெட்டி எடுத்துக்கிற மாதிரி அச்சடிச்சா தனியா செலவே வராது. எழுத்து வடிவம் பாடப்புத்தகத்துல இருக்கிற அதே வடிவமா இருக்கட்டும், அழகுக்குன்னு வளைச்சு நெளிச்ச எழுத்துரு வேண்டாம், மூணு சுழியா ரெண்டு சுழியான்னு பிள்ளை எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவா இருக்கணும்.

நெட் இல்லாமலே ஓடணும், இதை வசதிக்காக மட்டும் கேக்கல. கேமரா திறந்திருக்கிற கிளாஸ்ரூம்ல பிள்ளைங்க முகம், குரல் எல்லாம் பதிவாகும். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க தரவை எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. ஒரு படமும் அந்த டேப்லெட்டை விட்டு வெளியே போகாதுங்கிறதை ஒப்பந்தத்துலேயே எழுதி வாங்குங்க. நேரத்தையும் நீங்களே வரையறுத்துடுங்க. ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், அதுக்கு மேல ஆப் தானா நின்னுடட்டும்.

அந்தப் பத்து நிமிஷம் முடிஞ்சதும் ரெட்டைக்கோடு நோட்டை எடுத்து, அடுக்கின வார்த்தையை கையால எழுதணும். இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அட்டையை அடுக்குறது வேற, ழ-வோட வளைவை தன் விரலால இழுக்கிறது வேற, கை போன பாதைதான் கடைசியில பரீட்சை அன்னைக்கு நினைவுக்கு வரும். ஆப்போட கடைசித் திரையில "இப்போ நோட்டில் எழுது"ன்னு வந்துட்டு இருட்டாயிடணும், படம் கண்ணு முன்னாடி இல்லாம எழுதிப் பார்க்கட்டும்.

எல்லாத்தையும் ஏஆர்ல போடணும்னு ஆசைப்பட வேண்டாம். பள்ளிக்குப் போனேன்ல அந்த ப் ஏன் வருதுங்கிறதுக்கு என்ன படம் காட்ட முடியும்? வந்தான், வந்தாள், வந்தார்ல கடைசி எழுத்தை எந்த பொம்மை சொல்லித்தரும்? அது வாக்கியத்துல, கதையில, நிறைய படிக்கிறதுல வர்ற அறிவு. விக்கிற ஆப்புங்கள்ல இருக்கிறது எல்லாம் யானை, சிங்கம், ஆப்பிள், விமானம்னு பெயர்ச்சொல்தான், ஏன்னா படம் போட அதுதான் சுலபம், பிள்ளை நோட்டுல தப்பு விடுற இடத்தைப் பார்த்து யாரும் வார்த்தையைத் தேர்ந்தெடுக்கல. நீங்க தேர்ந்தெடுங்க. மாநிலம் முழுக்க டீச்சர்ங்ககிட்ட சொல்வதை எழுதுதல் நோட்டு குவிஞ்சு கிடக்கு, அதுலேர்ந்து எடுத்தாலே எந்த வார்த்தை வேணும்னு தெரிஞ்சிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பரிசோதனை பண்ணுங்க. எண்ணும் எழுத்தும் 2022 ஜூன்ல ஆரம்பிச்சதுலேர்ந்து ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில இருக்குன்னு மதிப்பீடு பண்ற பழக்கம் நமக்கு வந்துடுச்சு, அதனால இது புதுசா கத்துக்க வேண்டிய வேலை இல்ல. சில பள்ளில அட்டையும் ஏஆரும், சில பள்ளில அதே அட்டை, ஏஆர் இல்லாம டீச்சர் மட்டும், இன்னும் சில பள்ளில வழக்கமா நடக்கிறபடி. ஒரு பருவம் ஓடட்டும். முடிஞ்ச உடனே ஒரு தடவை, லீவு விட்டு வந்த பிறகு ஒரு தடவை, அதே 18 வார்த்தையையும் விளையாட்டுல வராத வேற மயங்கொலி வார்த்தை கொஞ்சத்தையும் சொல்லி எழுதச் சொல்லுங்க. ஈராசிரியர் பள்ளியையும், ஆதிதிராவிடர் நலப் பள்ளியையும், மலைப் பகுதி பழங்குடியினர் பள்ளியையும் விட்டுடாம சேருங்க, டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுத கத்துக்கிறதுல சிரமம், இருக்கிற பிள்ளைங்களைத் தனியா கவனிச்சு எழுதுங்க, அவங்களுக்கு இது உதவுதா இல்ல குழப்புதான்னு தெரிஞ்சே ஆகணும். ஏஆர் இல்லாத அட்டையே அதே அளவு வேலை செஞ்சுதுன்னா அட்டையை மட்டும் அடிச்சு எல்லாப் பள்ளிக்கும் கொடுங்க, அந்தக் காசுல கதைப் புத்தகம் வாங்குங்க. முடிவு எப்படி வந்தாலும் மறைக்காம வெளியிடுங்க, மத்த மாநிலத்துக்காரங்களும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்ல தமிழ் சொல்லித்தர்றவங்களும் அதைப் படிச்சு பயன்படுத்திக்குவாங்க.

18 அட்டையையும் நான் வெள்ளை சார்ட்டுல எழுதி வெட்டி வச்சிருக்கேன், ஏஆர் இல்லாமலே பிள்ளைங்க இப்ப அதை வச்சு விளையாடிக்கிட்டு இருக்காங்க. உங்க குழுவுலேர்ந்து யாராவது வந்து பார்க்கணும்னா காலையில முதல் பாடவேளைக்கு வாங்க, அப்பதான் அரும்புக் குழுவுக்கு தமிழ்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை